ஸ்டிக் கட்சியினருக்கு ஒரு மடல்

கன்சோலில் விமானம் ஓட்டும் மூத்த ஆட்டக்காரர்களுக்கு,

எக்ஸ்பாக்ஸில் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்' ஆடத் தொடங்கிய ஒருவர், ஓடுபாதையில் ஒழுங்காக இறக்க வரவில்லையே என்று கேட்டால், உங்கள் தரப்பிலிருந்து முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஜாய்ஸ்டிக் வாங்கு. எந்த விமானம், எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று விசாரிப்பதற்கு முன்பே அந்தப் பதில் வந்து விழுந்துவிடுகிறது. கேம்பேடில் ஓட்டுபவர் இன்னும் பறக்கவே தொடங்கவில்லை என்கிற தொனியும் சில நேரம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். தொனியை விட்டுவிடலாம், பதிலைப் பற்றித்தான் இந்த மடல். கேம்பேடில் குறை இல்லை என்று வாதாட வரவில்லை. குறை உண்டு, ஒரு பெரிய குறை உண்டு. ஆனால் நீங்கள் கைகாட்டும் இடத்தில் அது இல்லை. மூக்கை ஏற்றி இறக்கவும் சிறகைச் சாய்க்கவும் கட்டைவிரல் பெரும்பாலும் போதும். கேம்பேடிடம் இல்லாத பொருள், வைத்த இடத்தில் அப்படியே நிற்கும் ஒரு நெம்புகோல். அதாவது த்ராட்டில். செலவழிக்கப் போகிறவர் எதற்காகச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து செலவழிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சாதாரண விமானத்தை ஓட்ட நான்கு அச்சுகள் வேண்டும்: மூக்கு ஏற்ற இறக்கம், பக்கச் சாய்வு, மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர், எஞ்சின் விசை. சுற்றிப் பார்க்க இன்னும் இரண்டு. ஆக மொத்தம் ஆறு. கேம்பேடில் இரண்டு கட்டைவிரல் குச்சிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அச்சு. கீழே இரண்டு ட்ரிகர்கள், அவையும் அழுத்தத்தின் அளவை உணர்பவை. அங்கும் ஆறு. கைப்பிடியைத் திருகி ரட்டரை இயக்கும் ஆரம்ப நிலை ஜாய்ஸ்டிக்கில், கூடவே வரும் த்ராட்டிலையும் சேர்த்தால் நான்கு கிடைக்கிறது. பார்வைக்கு உச்சியில் எட்டுத் திசைக்குத் தட்டும் ஒரு சின்னத் தொப்பி ஸ்விட்ச். எண்ணிக்கையில் கேம்பேட் ஏழையல்ல. வம்சத்தில் அந்நியமும் அல்ல. சோனி 1996இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு இரட்டைக் கைப்பிடி கொண்ட ஒரு பெரிய அனலாக் ஜாய்ஸ்டிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த இரட்டை அனலாக் கேம்பேடில், பச்சை விளக்கு எரியும் ஒரு நிலையை வைத்து, அந்தப் பெரிய ஜாய்ஸ்டிக்கைப் போலவே நடந்துகொள்ளச் செய்தது. இன்று நீங்கள் ஒதுக்கும் கட்டைவிரல் குச்சி, நீங்கள் கொண்டாடும் ஸ்டிக்கின் வீட்டுப் பிள்ளைதான்.

உங்கள் வலுவான வாதம் நுட்பம். அதில் நியாயம் உண்டு என்பதால் அளந்தே பார்த்துவிடலாம். ஜாய்ஸ்டிக்கின் பிடி அதன் அச்சிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஒரு பக்கம் 20 டிகிரி சாய்கிறது என்று வைத்துக்கொண்டால், கை ஐந்து செ.மீ.க்குச் சற்று மேல் நகர்கிறது. அதே கோணத்தில் 2 செ.மீ. உயரக் கட்டைவிரல் குச்சியின் தலை நகர்வது 7 மி.மீ. முழு அசைவில் நூறில் ஒரு பங்கு வேண்டுமென்றால் ஜாய்ஸ்டிக்கில் அரை மி.மீ., கேம்பேடில் 0.07 மி.மீ. இந்த எண்ணைப் பார்த்ததும் வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் எந்த விளையாட்டும் குச்சியின் சாய்வை அப்படியே விமானத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஃப்ளைட் சிமுலேட்டரின் அமைப்புகளில் ஒவ்வொரு அச்சுக்கும் உணர்திறன் வளைவு இருக்கிறது. பாதிச் சாய்வுக்குக் கால் பங்கு விளைவு என்று வளைவைப் போட்டால், நூறில் ஒரு பங்கு விளைவுக்குக் குச்சியைப் பத்தில் ஒரு பங்கு சாய்க்க வேண்டியிருக்கும். அது 0.7 மி.மீ. வளைவில்லாத ஜாய்ஸ்டிக்கின் அரை மி.மீ.யைவிட அதிகம். ஓரத்துக்குப் போகப் போகக் குச்சி முரடாகும், உண்மைதான். ஆனால் இறங்கும் நேரத்தில் யாரும் ஓரத்துக்குப் போவதில்லை. ஜாய்ஸ்டிக்குக்கும் அதே வளைவைப் போடலாமே என்பீர்கள். போடலாம், அப்போது ஜாய்ஸ்டிக் மறுபடி முன்னேறிவிடும். எது அதிக நுட்பம் என்று கேட்டால் ஸ்டிக்தான். எது போதுமான நுட்பம் என்று கேட்டால் இரண்டும்தான். புதியவர் கேட்டது இரண்டாவது கேள்வியை.

பெரிய தசை, பெரிய அசைவு, ஆகவே நல்ல கட்டுப்பாடு என்ற நம்பிக்கையும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. உடல் அப்படிச் சொல்லவில்லை. மூளையில் அசைவுகளை ஆளும் பகுதியில், தோளுக்கும் முழங்கைக்கும் ஒதுக்கப்பட்டதைவிடக் கைக்கும் விரல்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம் மிகப் பெரியது. ஷுமின் ஜாய், பால் மில்கிராம், வில்லியம் பக்ஸ்டன் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் தெரியும் முப்பரிமாணப் பொருளைக் குறித்த இடத்தில் பொருத்தும் வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டையும் கையையும் மட்டும் நம்பிய கையுறைக் கருவியைவிட, விரல்களுக்குள் உருட்டும் பந்துக் கருவியில் வேலை வேகமாக முடிந்தது. இதை இழுத்து நீட்டக் கூடாது. அந்தப் பந்தைப் பல விரல்கள் சேர்ந்து உருட்டின; கேம்பேடில் ஒற்றைக் கட்டைவிரல், மெலிந்த ஸ்பிரிங், நடுவில் எதற்கும் அசையாத டெட்ஸோன். ஆனாலும் கை முழுவதும் இறங்கினால்தான் நுட்பம் வரும் என்பதை இந்த ஆய்வுக்குப் பிறகும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இதைவிட நேரடியான சாட்சி ஒன்று இருக்கிறது. ரேடியோ கன்ட்ரோல் விமானம் விடுபவர்கள் பல பத்தாண்டுகளாக இரண்டு குட்டைக் குச்சிகளைக் கொண்டே பறக்கிறார்கள். திரையில் தோன்றும் விமானமல்ல. விழுந்தால் நொறுங்கும் விமானம். சிலர் கட்டைவிரலை மேலே வைத்தும், சிலர் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளியும் பிடிக்கிறார்கள். தலைகீழ்ச் சுழற்சி, குறுக்குக் காற்றில் இறக்கம் எல்லாம் அந்தக் குட்டைக் குச்சியில்தான். அவர்களுடைய குச்சி கேம்பேடைவிடச் சற்று உயரம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை அருகில் போய்ப் பாருங்கள். நான்கு அச்சில் மூன்று, விரலை எடுத்ததும் நடுவுக்குத் துள்ளி வரும். நான்காவது வராது. த்ராட்டில் அச்சுக்கு மட்டும் ஸ்பிரிங் கிடையாது. உராய்வோ சின்னப் பல்வரிசையோ அதைத் தடுத்து நிறுத்தி, விட்ட இடத்தில் நிற்க வைக்கும். குச்சி குட்டையாக இருப்பதை அந்த உலகம் ஏற்றுக்கொண்டது. த்ராட்டில் தானாகத் திரும்பி வருவதை மட்டும் ஏற்கவில்லை. இதற்கு விதிவிலக்கு, படமெடுக்கும் ட்ரோன்கள். அவற்றின் ரிமோட்டில் த்ராட்டிலும் நடுவுக்கே வரும். ஏனென்றால் குச்சியை விட்டதும் உயரத்தை ட்ரோனின் கணினி பிடித்துக்கொள்கிறது. ஆக, எந்தக் கருவியானாலும் கேட்க வேண்டிய கேள்வி இது: கையை எடுத்தால் என்ன ஆக வேண்டும்?

கேம்பேடில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. எந்த அச்சிலிருந்து விரலை எடுத்தாலும் அது பழைய நிலைக்கே போகும். மூக்குக்கும் சாய்வுக்கும் அதனால் கேடில்லை, உங்கள் ஜாய்ஸ்டிக்கும் அதைத்தான் செய்கிறது. விசைக்கு அது ஆகாது. அதனால்தான் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் ட்ரிகர்களை ரட்டருக்குக் கொடுத்துவிட்டு, த்ராட்டிலை இரண்டு பட்டன்களுக்குத் தள்ளியது: ஏ பட்டன் விசையைக் கூட்டும், பி பட்டன் குறைக்கும். பழைய ரேடியோவில் ஒலித் திருகைத் திருகுவதற்கும், ரிமோட்டில் கூட்டல் குறியை அமுக்கிக்கொண்டு திரையில் ஏறும் எண்ணைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. விசை நிற்கும், ஆனால் எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது, கண் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு அப்போது வேறு வேலை இருக்கிறது.

செஸ்னா 172இல் இறங்கும் கடைசி நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் 65 நாட் அளவில். மூன்று டிகிரிச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறக்கம். பறக்கச் சொல்லித்தரும் பள்ளிகள் பலவற்றில் பாடம் இப்படித்தான்: வேகத்தை மூக்கால் பிடி, இறக்கத்தை விசையால் பிடி. எஞ்சின் 1,500 சுற்று அளவில் இருக்கிறது. சரிவுக்குக் கீழே தாழ்கிறோம் என்று தெரிந்தால் ஒரு நூறு சுற்று கூட்ட வேண்டும், சரியானதும் அதில் பாதியைத் திரும்ப எடுக்க வேண்டும். நெம்புகோலில் இது விரல் நுனி வேலை, கண் ஓடுபாதையை விட்டு அகலாது. பட்டனில் அமுக்கினால் அதிகமாகிவிடும், உடனே மறு பட்டன், அதற்குள் மூக்கு ஏறும், அதை அடக்கக் கட்டைவிரல் முன்னே தள்ளும், வேகம் கூடும். போதாததற்கு வலது கட்டைவிரல் பட்டனுக்குப் போனதால் பார்வையைத் திருப்பும் குச்சி அநாதையாக நிற்கிறது. பார்ப்பவருக்குத் தெரிவது மூக்கு ஆடுவது மட்டும்தான். உடனே, குச்சி சரியில்லை, ஜாய்ஸ்டிக் வாங்கு என்கிறீர்கள். வாங்கிய பெட்டிக்குள் த்ராட்டிலும் சேர்ந்தே வருகிறது, ஆட்டம் நிற்கிறது, புகழ் ஸ்டிக்குக்குப் போகிறது. எக்ஸ்பாக்ஸுக்கான தி.ஃப்ளைட் ஹோட்டாஸ் ஒன், பிளேஸ்டேஷனுக்கான ஹோட்டாஸ் 4 போன்ற த்ரஸ்ட்மாஸ்டர் செட்டுகளில் இரண்டும் ஒன்றாகவே வருவதால், எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வாய்ப்பே அமைவதில்லை.

நிஜ விமானத்தில் ஸ்டிக்தானே இருக்கிறது என்பது அடுத்த எதிர்வாதம். எந்த நிஜ விமானம்? செஸ்னா 172இல் இருப்பது யோக் என்கிற திருப்புப் பிடி. விமானி அதை இடக்கையால் பிடித்து, வலக்கையைத் த்ராட்டிலில் வைத்திருப்பார். மேசையில் நீங்கள் வைக்கும் செட்டில் இது தலைகீழ். அதைவிட முக்கியமானது ட்ரிம். நிஜ செஸ்னாவில் மூக்கைப் பிடித்துக்கொண்டே ட்ரிம் சக்கரத்தை உருட்டினால், கையிலுள்ள அழுத்தம் கரைந்துபோகும். யோக் இருந்த இடத்திலேயே நிற்கும், கையை எடுக்கலாம். ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கில் ட்ரிம் செய்யச் செய்யப் பிடியை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கேம்பேடிலும் அதேதான். வேகம் கூடும்போது யோக் இறுகும், குறையும்போது தளரும். மேசை ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு வேகம் தெரியாது. பொய்யில் இரண்டும் சமம், உயரத்தில் மட்டும் வித்தியாசம்.

ஏர்பஸ் ஏ320 பக்கம் போனால் உங்கள் வாதம் இன்னும் இளைக்கும். அங்கே சைட்ஸ்டிக் உண்டு. கேப்டன் அதை இடக்கையால் பிடிக்கிறார், கேம்பேடில் இடது கட்டைவிரல் ஓட்டுவதைப் போல. அந்த ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் கொண்டது, காற்றின் அழுத்தம் எதையும் கைக்குச் சொல்லாது. இயல்பு நிலையில் விமானத்தை 33 டிகிரிக்குள் சாய்த்துவிட்டு ஸ்டிக்கை விட்டால், சாய்வு அப்படியே நிற்கும், கணினி பிடித்துக்கொள்ளும். தானியங்கி விசையும் இயங்குவதால், புறப்பட்டுச் சற்று நேரத்தில் ஒரு பள்ளத்தில் வைத்த விசை நெம்புகோல்களைத் தரை தொடுவதற்குச் சற்று முன்பு வரை பெரும்பாலும் அசைப்பதில்லை. கையை எடுத்தால் என்ன ஆக வேண்டும் என்ற கேள்விக்கு ஏ320 தரும் பதிலும் கேம்பேட் தரும் பதிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பெரிய ஜெட் ஓட்டக் கேம்பேடா என்று சிரிப்பவர்கள், கேம்பேடுக்கு மிகப் பொருத்தமான விமானத்தைக் காட்டியே சிரிக்கிறார்கள். போர் விமானக் கதையும் சுவையானது: எஃப்-16இன் பக்க ஸ்டிக் முதலில் அசையவே இல்லை, கையின் அழுத்தத்தை மட்டும் உணர்ந்தது. விமானிகளுக்கு அது ஒவ்வவில்லை என்பதால் பிறகு சில மி.மீ. அசைவு கொடுத்தார்கள். நீண்ட அசைவுதான் நிஜம் என்றால் எஃப்-16 நிஜமில்லை.

இனி 'ஏஸ் காம்பேட் 7' போன்ற சண்டை ஆட்டங்கள். 2019இல் அது வந்தபோது அந்தப் பெயர் பொறித்த ஹோட்டாஸ் செட்டும் விற்பனைக்கு வந்தது. 2007இல் 'ஏஸ் காம்பேட் 6' எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தபோதும் ஹோரி நிறுவனத்தின் ஸ்டிக் சேர்ந்த பெட்டி இருந்தது. அழகான பொருள்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் கேம்பேடை மனதில் வைத்தே செதுக்கப்பட்டது. வலது ட்ரிகரில் வேகம், இடது ட்ரிகரில் பிரேக், இரண்டையும் விட்டால் விமானம் சாதாரண வேகத்தை நோக்கித் திரும்பிவிடும். திரும்பி வரும் ஸ்பிரிங்கையே விதியாக்கிய ஆட்டத்தில், நின்ற இடத்தில் நிற்கும் நெம்புகோலுக்கு வேலை குறைவு. இந்தச் சண்டைகளில் பாதி, எதிரியைக் கண்ணைவிட்டுத் தவறவிடாமல் இருப்பது. கேம்பேடில் வலது குச்சி எந்தக் கோணத்துக்கும் வழுக்கிக்கொண்டு பார்க்கும். தொப்பி ஸ்விட்ச் எட்டுத் திசையில் குதித்துக் குதித்துப் பார்க்கும். 'வார் தண்டர்' இன்னும் ஒரு படி மேலே. அதன் எளிய நிலைகளில் நீங்கள் ஒரு புள்ளியைக் காட்டினால் போதும், விமானத்தை அங்கே கொண்டுபோகும் வேலையை ஆட்டமே பார்த்துக்கொள்ளும். அந்த நிலைகளில் ஸ்டிக்கோடு இறங்குபவர், உதவி ஆளோடு வந்தவர்களிடம் தனியாக மோதுகிறார். முழுச் சிமுலேட்டர் நிலைக்குப் போனால் நிலைமை மாறும், அங்கே நீங்கள் சொல்வது சரி.

ரட்டருக்காகவாவது ஜாய்ஸ்டிக் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுக்குக் காற்றில் இறங்கும்போது சிறகை இடப்பக்கம் சாய்த்து ரட்டரை வலப்பக்கம் மிதிக்க வேண்டும். திருகு ஜாய்ஸ்டிக்கில் ஒரே மணிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் முறுக வேண்டும். ஒன்றைச் செய்யும்போது மற்றது கலையும். ட்ரிகரில் அது வேறொரு விரலின் வேலை. த்ரஸ்ட்மாஸ்டர் செட்டுகளில் த்ராட்டிலின் முதுகிலும் ரட்டருக்கு ஒரு தட்டு இருக்கிறது, நல்ல யோசனை. மறுபடியும் கவனியுங்கள், நன்மை த்ராட்டில் பக்கம்தான்.

மிஞ்சுவது மகிழ்ச்சி. கையில் ஒரு பிடி, முன்னே ஒரு திரை, ஓட்டுகிறோம் என்ற உணர்வு. இதற்கு எதிராக வாதாட ஒன்றுமில்லை, அதற்காக வாங்குபவர் மனதார வாங்கட்டும். ஆசையைத் தேவை என்று பெயர் மாற்றி விற்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். கன்சோலில் அந்தப் பெயர் மாற்றம் விலை கூடியது. எக்ஸ்பாக்ஸ் தன் உரிமம் பெற்ற கருவிகளை மட்டுமே ஏற்கிறது; கணினிக்கென்று வந்த நல்ல ஜாய்ஸ்டிக் ஒன்று வீட்டில் இருந்தாலும் செருகினால் வேலை செய்யாது. தேர்வு குறைவு, விலை அதிகம். உள்ளே இருக்கும் உணரிகளும் ஆரம்ப விலைச் செட்டுகளில் கேம்பேடில் உள்ள அதே தேயும் வகைதான். நாள்பட நடு விலகும் நோய் இரண்டுக்கும் வரும்.

ஆகவே அடுத்த முறை ஒருவர் கேட்கும்போது, கடைப்பக்கம் அனுப்புவதற்கு முன் அமைப்புகள் பக்கம் அனுப்புங்கள். டெட்ஸோனை, குச்சி தானாக நகராத அளவுக்கு மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். மூக்கு அச்சுக்கும் சாய்வு அச்சுக்கும் நடுவில் மென்மையான வளைவு போடச் சொல்லுங்கள். ட்ரிம்முக்கு எட்டும் இடத்தில் ஒரு பட்டன் ஒதுக்கச் சொல்லுங்கள். விமானத்தைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே பறப்பவர்களின் பாதி வலி அதில் தீரும். அதற்குப் பிறகும் செஸ்னா மாதிரியான விமானத்தில் சரிவைப் பிடிக்க வரவில்லை என்றால் செட் வாங்கச் சொல்லலாம். த்ராட்டிலின் நீளமும் உராய்வும் எப்படி என்று முதலில் பார்க்கச் சொல்லி, ஸ்டிக்கை இரண்டாவதாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஏர்பஸ்காரர்களையும் ஏஸ் காம்பேட்காரர்களையும் நிம்மதியாக விட்டுவிடுங்கள்.

ஒருவர் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் முழுதாக வந்துவிடுகிறேன். 2022 நவம்பரில் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஹெலிகாப்டர்கள் சேர்ந்தன, பெல் 407உம் கீம்பால் கேப்ரியும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்க, கணினி உதவியை அணைத்துவிட்டால், நடுவிலிருந்து சற்று விலகிய ஓர் இடத்தில் ஸ்டிக்கைப் பிடித்தபடியே நொடிக்கு நொடி மிகச் சிறிய திருத்தங்களைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டெட்ஸோனும் குட்டைக் குச்சியும் அங்கே உண்மையாகவே காலை வாரிவிடும். இடக்கையில் ஏற்றும் நெம்புகோலோ வைத்த இடத்தில் நின்றாக வேண்டும். ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டும் என்று ஒருவர் வந்தால், நீங்கள் சொல்வதையே நானும் சொல்வேன்: வாங்கிவிடுங்கள், இரண்டையும்.

அன்புடன்,
கேம்பேடை இன்னும் கீழே வைக்காத ஒருவர்